இடது மூலை டிக்

பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வந்தது. உறையைப் பிரிக்கும் முன்பே, இது உன் பீரோவில் வெகுநாள் கிடந்தது என்று தெரிந்துவிட்டது. போன வாரம் உன் மகன் ஸ்ரீரங்கத்திலிருந்து எடமலைப்பட்டி புதூர் வரை பைக்கில் வந்து கொடுத்தான். உன் காரியமெல்லாம் முடிந்து, புடவைகளை எடுத்து வைக்கும்போது அடித்தட்டில் இருந்ததாம். மேலே என் பெயர், உன் சாய்ந்த எழுத்தில். வினாத்தாள் கட்டை ஒட்டுவது போல உறையின் வாயை ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்தும் போட்டிருந்தாய்.

"என்ன ஆன்ட்டி அதுல? அம்மா எங்கிட்ட சொன்னதே இல்ல" என்றான்.

அவன் எதிரிலேயே பிரித்தேன். ஒரே ஒரு தாள். என்ன தாள் என்று தெரிந்ததும் மடித்துவிட்டேன்.

"பழைய கொஸ்டீன் பேப்பர்ப்பா. நானும் அம்மாவும் சேந்து போட்டது."

தலையாட்டினான். காபியைக் குடித்துவிட்டு, பெங்களூருக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போனான். பார்த்தாயா, நீ போய் முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் உன் பிள்ளையிடமே ஒரு தாளைத் தப்பாக வாசித்துக் காட்டிவிட்டேன். அது எனக்குக் கைவந்த கலை. அந்தக் கலை எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரியாது என்று பதினொரு வருஷமாக நிம்மதியாக இருந்தேன்.

தென்னூர்ப் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே ஜூனில் டீச்சராகச் சேர்ந்தோம். இங்கிலீஷுக்கு நாம் இரண்டு பேர்தான். உனக்குப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு ஒன்பது, பத்து. நீ ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறுவாய். நான் எதிர்த் திசையிலிருந்து வருவேன். மற்றவர்கள் முன்னால் "மிஸ்", "நீங்க". இருவர் மட்டும் இருந்தால் நீ என்னை "டி" போட்டுத்தான் கூப்பிடுவாய். நான் "நீ" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உன் மீது எனக்கு அன்பு இருந்தது. உன் பன்னிரண்டாம் வகுப்பு மீது பொறாமையும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஒன்றை மட்டும் சொன்னால் உனக்குப் பிடிக்காது.

வினாத்தாள் போட்டால் அதை எழுதினவளே சரிபார்க்கக் கூடாது என்று நீதான் சட்டம் வைத்தாய். எழுதினவள் வாசிக்க வேண்டும், மற்றவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். "கண்ணு ஏமாத்தும்டி, காது ஏமாத்தாது" என்பாய். வாசித்தவள் தாளின் இடது மூலையில் ஒரு டிக் போடுவாள், கேட்டவள் வலது மூலையில். இரண்டு டிக்கும் விழுந்தால்தான் தாள் பிரஸ்ஸுக்குப் போகும். ஸ்டாஃப் ரூமில் நீ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்கும்போது பி.டி. மாஸ்டர் சீண்டுவார்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா மிஸ்?"

"இருண்டாத்தான் சார் தப்பு கேக்கும்" என்பாய், கண்ணைத் திறக்காமலே. நிஜமாகவே உனக்குக் கேட்கும். விட்டுப்போன ஒரு சின்ன வார்த்தைக்குக்கூட உன் புருவம் ஏறும்.

ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எடுத்துச் சொல்லும் பாடம் வந்தால் உனக்குச் சாமி வந்துவிடும். 'செட்', 'டோல்ட்' என்று கடந்த காலத்தில் எழுதி, 'தட்' போட்டதும் நம் பிள்ளைகளுக்குக் கை நின்றுவிடும். அதை ஒட்டியே 'இஃப்' என்றோ 'வென்' என்றோ 'பிகாஸ்' என்றோ இன்னொன்று எழுத வேண்டும் என்றால் பயம். இரண்டு இணைப்புச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தப்பு என்று எவரோ சொல்லி வைத்திருப்பார்கள். ஒன்றைத் தூக்கிவிடுவார்கள். அது ஒட்டிக்கொண்டிருந்த பாதி வாக்கியமும் கூடவே போய்விடும்.

"பஸ்ல ரெண்டு பேர் சீட்டுல ரெண்டு பேர் உக்காந்தா கண்டக்டர் இறக்கி விடுவாரா? உக்காரட்டும்" என்பாய். அப்புறம் முதல் பெஞ்சுப் பெண்ணைப் பிடிப்பாய். "உன் ஃப்ரெண்டு உங்கிட்ட, மழை வந்தா வரமாட்டேன்னு சொன்னா. நீ எங்கிட்ட வந்து, அவ வரமாட்டாளாம் மிஸ்ங்கற. மழையை முழுங்கிட்ட. அதுக்குப் பேர் ரிப்போர்ட் இல்ல, கோள்." வகுப்பு சிரிக்கும். பக்கத்து அறையில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். சிரித்துக்கொண்டே நானும் என் பிள்ளைகளுக்கு அதையே சொல்வேன். விடைத்தாளில் நீ பாதி மார்க்கைக் குறைத்துவிடுவாய். பாதி சொன்னால் பாதி மார்க். ஊருக்கு உபதேசம் செய்வதில் நான் உனக்குக் குறைந்தவள் இல்லை.

அந்த மார்ச் மாதத்து மத்தியானத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன், எதையாவது முழுங்குகிறேனா என்று பார்த்துக்கொள். உனக்குப் பதினொன்றாம் வகுப்பில் பீரியட். ஆயா வந்து வாசலில் நின்று ஒரு பெண்ணைக் காட்டினாள். "இந்தப் பாப்பாவோட அம்மா கேட்ல வந்து நிக்கிறாங்களாம். அனுப்பச் சொல்றாங்க, ஹெச்.எம். ரூம்லேருந்து" என்றாள். நீ அனுப்பினாய். அம்மா வந்திருக்கவில்லை. கிளம்பிவிட்டேன் என்று ஃபோன் மட்டும் செய்திருந்தாள். தலைமையாசிரியை அவசரத்தில், வந்தாயிற்று என்றே சொல்லியனுப்பிவிட்டாள். வெயிலுக்கு ஒதுங்க எதிர்க் கடைக்குப் போகலாம் என்று அந்தப் பெண் ரோட்டைக் கடந்தாள். ஒரு பைக் அடித்துக் கால் எலும்பு முறிந்தது.

அவள் அப்பா வையம்பட்டியில் விவசாயம் செய்கிறவர். பெண்ணின் படிப்புக்காகத் தாயையும் மகளையும் தென்னூரில் வாடகை வீட்டில் வைத்திருந்தார். விசாரணைக்கு அவர் வந்து உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? வெள்ளைச் சட்டையில் மண் கறை. தலைமையாசிரியை, அவர், நீ, நான். நிர்வாகக் குழுவுக்குப் போகிற தாள் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்பது நம் பள்ளிக்கூடத்து வழக்கம். பேசுவது தமிழ், கையெழுத்துப் போடுவது இங்கிலீஷுக்கு. அதனால் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எழுதும் வேலையும் வாசிக்கும் வேலையும் எனக்கு.

நீ நிதானமாகச் சொன்னாய். "அம்மா கேட்ல நிக்கறாங்க, அனுப்புங்கன்னு ஆபீஸ்லேருந்து ஆயா வந்து சொன்னதாலதான் அனுப்பினேன். அவங்க வரலேன்னு தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்."

நீயும் அந்த அப்பாவும் வராந்தாவில் காத்திருந்தீர்கள். நான் ரஃப் தாளில் எழுதினேன். ஷி ஸ்டேட்டட் தட் பிகாஸ் என்று ஒரு வரி. ஷி ஸ்டேட்டட் தட் இஃப் என்று அடுத்த வரி. நீ பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பாய். தலைமையாசிரியை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இதென்ன மிஸ், 'தட்' பக்கத்துலயே 'பிகாஸ்'? அப்படி வருமா? கமிட்டியில சிரிப்பாங்க."

"வரும் மேடம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் உனக்காகச் சொன்னேன். அதையே பெரிய மெடல் மாதிரி இத்தனை வருஷம் நெஞ்சில் குத்திக்கொண்டு அலைந்தேன்.

"வருதோ வரலியோ, எடுத்துடுங்க. ஆபீஸை எதுக்கு உள்ள இழுக்கணும்? சிம்பிளா இருக்கட்டும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஜூன்ல ட்வெல்த்துக்கு யாரைப் போடறதுன்னு நானும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

நான் இரண்டு வரியையும் அடித்தேன். குழந்தையைத் தான் வெளியே அனுப்பியதாக ஆசிரியை கூறினார் என்று ஒரே வரி. முற்றுப்புள்ளி. கிளார்க் டைப் செய்து கொண்டுவந்து கொடுத்தார். பயம் என்று சொல்லலாம், ஆசை என்று சொல்லலாம். எனக்கு இரண்டுமே இருந்தது. இதற்கு வேறு நல்ல பெயர் தேடி நான் அலுத்துவிட்டேன்.

உங்களைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். நீ உட்கார்ந்தாய், வழக்கம்போலச் சாய்ந்தாய், கண்ணை மூடினாய். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஒற்றை வரி வாயில் வரவில்லை. டைப் செய்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். ஆயா வந்து சொன்னதை வாசித்தேன். தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன் என்றதை வாசித்தேன். ஒரு சொல் குறையாமல், உன் குரலிலேயே வாசித்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை இவ்வளவு சுத்தமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். தலைமையாசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தாள், பேசாமல் இருந்தாள். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று.

அந்த அப்பா உன்னைப் பார்த்துச் சொன்னார். "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர். சொன்னாங்க, அனுப்புனீங்க. எனக்கு உங்க மேல வருத்தம் இல்லைங்க."

நீ கண்ணைத் திறந்தாய். கண் கலங்கியிருந்தது. பேனாவை வாங்கினாய். தலைமையாசிரியை, "ஒரு தடவை படிச்சுப் பாத்துக்குங்க" என்றாள், வாய் வார்த்தைக்கு.

"அவ வாசிச்சாச்சே. நான் கேட்டாச்சு" என்றாய். கையெழுத்துப் போட்டாய்.

ஊரில் வேறு எந்த இங்கிலீஷ் டீச்சரும் ஒரு இங்கிலீஷ் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள். நீ போட்டாய், வாசித்தது நான் என்பதால்.

இரண்டு வாரம் கழித்து, அடுத்த கல்வியாண்டு முதல் வரவேண்டாம் என்று உனக்கு உத்தரவு வந்தது. கூடவே அந்தத் தாளின் நகலும். அன்று நான் லீவு போட்டுவிட்டேன். தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். ஜூனில் உன் பன்னிரண்டாம் வகுப்பு எனக்கு வந்தது. நீ வைத்துவிட்டுப் போன பச்சை மைப் புட்டி மேஜை டிராயரில் இருந்தது, அதை நான் தொடவில்லை என்பதை ஒரு நேர்மையாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பாடம் வந்தபோது ஒருத்தி 'இஃப்' வரியை விழுங்கி எழுதியிருந்தாள். முழு மார்க் போட்டேன். "பழைய மிஸ் இதுக்குப் பாதி குறைச்சிடுவாங்க மிஸ்" என்று அவளே எழுந்து சொன்னாள். "உக்காரும்மா" என்றேன்.

உன்னை எந்தப் பள்ளிக்கூடமும் எடுத்துக்கொள்ளவில்லை. நேர்காணல் முடிந்ததும் தென்னூருக்கு ஃபோன் போடுவார்கள், அதோடு சரி. உத்திர வீதி வீட்டில் ட்யூஷன் ஆரம்பித்தாய். வருஷத்துக்கு இரண்டு தடவை நான் வருவேன். ஏகாதசிக் கூட்டத்தில் நெருக்கியடித்து வந்து சேர்ந்தால், "பிரஷர் மாத்திரை போட்டுண்டியா" என்பாய். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாய். டைப் செய்த இடத்தில் ஆபீஸ் கைவைத்துவிட்டது, பாவம் இவள் ரஃப் தாளைப் பார்த்து வாசித்திருக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதாக நானே ஒரு கதையைக் கட்டி, அதை நானே நம்பினேன்.

ஒரு தடவை மட்டும் அந்தக் கதை ஆட்டம் கண்டது. உன் மகன் அப்போது காலேஜில் முதல் வருஷம். ஏதோ ஒரு பேச்சில், ஆபீஸில் சொல்லித்தான் அந்தப் பெண்ணை அனுப்பினேன் என்று நீ சொன்னாய். அவன் எரிந்து விழுந்தான்.

"அப்ப அது ஏன் அந்தப் பேப்பர்ல இல்ல? நீ இங்கிலீஷ் டீச்சர்தானே? படிக்காமலா கையெழுத்துப் போட்ட? யாராவது நம்புவாளாம்மா இதை?"

நான் கூடத்தில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். நீ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தாய். பிறகு, "காபி ஆறறது, குடி" என்றாய். குடித்தேன்.

இப்போது உன் மீதும் எனக்குக் கோபம் வருகிறது, அதையும் கேட்டுக்கொள். உறையில் இருந்த இந்த நகலில் பச்சை மையால் இரண்டு இடத்தில் விடுபட்டதைக் காட்டும் குறி போட்டு, மேலே இரண்டு வரியையும் முழுசாக எழுதியிருக்கிறாய். 'தட்', அதன் பக்கத்தில் 'பிகாஸ்'. 'தட்', அதன் பக்கத்தில் 'இஃப்'. வலது மூலையில் உன் டிக். நான் கேட்டது இதுதான் என்று சொல்லும் டிக். இடது மூலையைக் காலியாக விட்டிருக்கிறாய். திட்டி ஒரு சொல் இல்லை, மார்க் கூட இல்லை. பிள்ளைகள் எழுதினதை மறுநாளே திருத்திக் கொடுப்பவள், என் தாளை மட்டும் பதினொரு வருஷம் புடவைக்கு அடியில் வைத்திருந்தாய். தென்னூருக்கு வந்து ஸ்டாஃப் ரூமில் என் முகத்தில் எறிந்திருக்கலாம். உன் வீட்டுக் கூடத்தில் கதவைச் சாத்திவிட்டு ஏன்டி என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், உண்மையைச் சொல்லியிருப்பேன், ஒருவேளை உன் மகன் முன்னாலேயே. நீ கேட்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று உன் சொந்தக்காரர்கள் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. நீ போன பிறகு என் கைக்கு வரட்டும் என்று ஒட்டி வைத்தாய் பார், அது தண்டனை. எனக்குத் தகும் என்பதும் தெரிகிறது.

நாலு நாள் அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை உன் மகனுக்கு ஃபோன் செய்தேன். "நான் சொன்னது பொய்ப்பா. அது கொஸ்டீன் பேப்பர் இல்ல. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போ." வந்தான். காபி வைத்தேன். என் வீட்டுக்காரர் உள் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எதிரே உட்கார வைத்து, வாசிக்கப் போகிறேன் என்றேன். அவன் சாய்ந்து கண்ணை மூடினான். அச்சு அசல் நீ. உன் வயிற்றில் பிறந்தவன் வேறு எப்படிக் கேட்பான்?

"கண்ணைத் திறப்பா. பேப்பரைப் பாத்துக்கிட்டே கேளு. நான் வாசிச்சா யாரும் கண்ணை மூடக் கூடாது" என்றேன்.

டைப் செய்த ஒற்றை வரியை முதலில் வாசித்தேன். பிறகு பச்சை மை வரிகளை. பிறகு அன்றைக்கு அந்த அறையில் நான் எதைக் கையில் பிடித்துக்கொண்டு எதை வாசித்தேன் என்பதைச் சொன்னேன். தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்துச் சொன்னதையும், நான் அடித்ததையும், எனக்குக் கிடைத்த வகுப்பையும் சொன்னேன்.

"நான் அம்மாவை அப்படிக் கேட்டப்போ நீங்க அங்கதானே இருந்தேள்?" என்றான் கடைசியில்.

"இருந்தேன்."

"காபி குடிச்சிண்டு."

"ஆமாம்."

தாளை எடுத்துக்கொள்ளட்டுமா என்றான். ஒரு நிமிஷம் என்று சொல்லி, பேனாவை எடுத்து இடது மூலையில் டிக் போட்டேன். வாசித்தவள் போட வேண்டியது என்று சொன்னேன். "இப்பப் போட்டு என்ன ஆகப் போறது ஆன்ட்டி" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். டம்ளரைத் தொடவே இல்லை, காபியில் ஆடை படிந்துவிட்டது. கேட் வரைக்கும் கூடவே போனேன். பைக்கில் ஏறி உட்கார்ந்தான். பிறகு ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் திரும்ப உள்ளே வந்தபோது என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "என்ன சொன்னான் பையன்?" என்று கேட்டார்.

"அம்மா உங்களை மன்னிச்சிருப்பா ஆன்ட்டி, இல்லேன்னா உங்க பேரை எழுதி வெச்சிருக்க மாட்டான்னு சொன்னான்" என்றேன். அவர், "நல்ல பையன்" என்றார். நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் இரண்டடி நடந்தும்விட்டேன். உன்னிடம் எதை மறைப்பது.

திரும்பி வந்து அவர் எதிரில் நின்று மீதியையும் சொன்னேன். "ஆனா அம்மா சொன்னதை நம்பாம பேப்பரை நம்பினேனே, நான் போய் யார்கிட்ட மன்னிப்பு கேக்கறதுன்னும் கேட்டான்."